அரை மீட்டர்

ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் பள்ளிக்கரணையில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெரினா போகவேண்டும். வேளச்சேரி ஸ்டேஷன் நாலு கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து அங்கே போய்ப் பறக்கும் ரயில் ஏறினால், திருவல்லிக்கேணியில் இறங்கிப் பொடிநடையாகக் கடற்கரை. சுண்டல், மாங்காய், காற்று. ரயில் டிக்கெட்டைவிடச் சுண்டலுக்குத்தான் அதிகம் செலவாகும். இதில் கணக்கு எங்கே என்கிறீர்களா? இதே பயணத்தை ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கூட யாரும் இல்லாமல், ஒருமுறை செய்து பாருங்கள். மனசுக்குள்தான். நிஜத்தில் செய்ய உங்களால் முடியாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பயணத்தின் கடைசிக் கட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இருப்பதிலேயே சுலபமானது அதுதான். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ப்பக்கம் மணலின்மேல் மரப்பலகைகளால் ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு 1 கோடியே 14 லட்சம். 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து கடல் பக்கத்துக் கோடியைப் பெயர்த்துப் போட்டது. 'கடல்ல போட்ட காசு' என்று சொல்ல எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு. ஆனால் சரிசெய்தார்கள். அதுவரை சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் அலையைச் சாலையிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் போக முடிந்தது. ஆக, மணலிலேயே ஒரு சக்கர நாற்காலியை உருட்டிவிட முடிகிறது. மணலைவிடப் பிடிவாதமான வஸ்து ஒன்று இருக்கிறது. ரயில்வே ப்ளாட்பாரம்.

வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை உள்ள கதையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். வேளச்சேரி - தாம்பரம் சாலையில் நடைபாதை என்று ஒன்று எங்கே தொடங்கி எங்கே மறைகிறது என்பது அங்கே வசிக்கும் உங்களுக்கே தெரியும். பஸ்ஸில் முன்னேற்றம் உண்டு. நீதிமன்றம் வரை போய் வழக்காடியவர்களின் புண்ணியத்தில் 2024 ஆகஸ்டில் சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் வர ஆரம்பித்தன. ஸ்டாப்பில் நின்றதும் ஒரு பக்கமாகச் சற்றே தாழும், வாசலில் மடித்து வைத்த பலகையை விரித்தால் நாற்காலியோடு உள்ளே போய்விடலாம். எல்லா பஸ்ஸும் அப்படி இல்லை. உங்கள் ஸ்டாப்புக்கு வருவது அதுவாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். வந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

வேளச்சேரி ஸ்டேஷன். பறக்கும் ரயில் நிலையங்களைப் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று மாதிரி இருக்கும். உள்ளே பத்து யானை கட்டலாம். ரயில் மேலே ஓடுகிறது, டிக்கெட் கீழே, நடுவில் மாடிப்படிகள். சக்கர நாற்காலிக்காரருக்கு இங்கே எல்லாமே லிஃப்டைப் பொறுத்தது. லிஃப்ட் உண்டா என்பது ஒரு கேள்வி. இன்றைக்கு ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. இறங்கப் போகிற ஸ்டேஷனிலும் அது ஓடுகிறதா என்பது மூன்றாவது. நானும் நீங்களும் ரயிலின் நேரத்தை மட்டும் தெரிந்துகொண்டு கிளம்பிவிடுகிறோம். அவர் இரண்டு லிஃப்டுகளின் உடல்நிலையைத் தெரிந்துகொண்டு கிளம்பவேண்டும். 'எஸ்கலேட்டர் வைத்திருக்கிறோமே' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எஸ்கலேட்டரும் படிதான் சார். நகர்கிற படி.

சரி, லிஃப்ட் ஓடியது. மேலே வந்துவிட்டீர்கள். ரயிலும் வந்து நின்றது. இப்போதுதான் விஷயம்.

ப்ளாட்பாரத்துக்கும் பெட்டியின் தரைக்கும் நடுவே ஒரு பெரிய படி உயரம், கூடவே ஒரு இடைவெளி. நமக்கு அது ஒரு எட்டு. சக்கரத்துக்குச் சுவர். ரயில் நிற்பது அரை நிமிஷம்தான். யாராவது இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தூக்கினால் உண்டு, இல்லாவிட்டால் ரயில் போய்விடும்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத சங்கதி ஒன்று இருக்கிறது. பீச் - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் 1931-இல் வந்தது. வெள்ளைக்காரன் மீட்டர் கேஜ் காலத்தில் கட்டியதை இடித்து இடித்து ஒட்டுப்போட்ட ஸ்டேஷன்கள் அவை. அங்கே உயரம் பொருந்தவில்லை என்றால் ஒரு சாக்காவது சொல்லலாம். பறக்கும் ரயில் அப்படியில்லை. பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல், மயிலாப்பூர் வரை 1997-இல், திருவான்மியூர் வரை 2004-இல், வேளச்சேரி வரை 2007-இல் என்று, சேப்பாக்கம் முதல் வேளச்சேரி வரை ஒவ்வொரு நிலையத்தையும் காலி இடத்தில் புத்தம்புதிதாகக் கட்டினார்கள். அந்த நிலையங்களில் எக்ஸ்பிரஸ் நிற்காது, கூட்ஸ் நிற்காது. ஒரே வகை ரயில், நாள் முழுக்க, வருஷம் முழுக்க. அந்த ஒரே ரயிலின் தரை எவ்வளவு உயரம் என்று கேட்டு அதே உயரத்துக்கு ப்ளாட்பாரத்தைக் கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே பாதி வேலை இருந்திருக்காது. ஊனமுற்றோருக்கான முதல் சட்டம் வந்த வருஷமும் 1995தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டமும் ரயிலும் ஒரே வருஷத்தில் பிறந்தன. அறிமுகம்தான் ஆகவில்லை.

எக்ஸ்பிரஸ் ரயில்களின் கதை வேறு. தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போகவேண்டும் என்றால் கணக்கு இன்னும் கடினம். உயர்ந்த வகை ப்ளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம். பெட்டியின் தரை ஏறக்குறைய 1300 மில்லிமீட்டர். வித்தியாசம் அரை மீட்டர், அதாவது ஒன்றரை அடிக்கும் மேலே. ஒரு சாய்தளப் பலகை போட்டு ஏற்றலாமே என்பீர்கள். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்கவேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விகிதம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் கையால் தள்ளிக்கொண்டு ஏற முடியாது, இறங்கும்போது விழவும் வாய்ப்புண்டு. அரை மீட்டருக்கு ஆறு மீட்டர் பலகை வேண்டும். நம் ப்ளாட்பாரங்களில் டீ ஸ்டால், பெஞ்சு, தூண், குடும்பத்தோடு படுத்திருக்கிறவர்கள் போக ஆறு மீட்டர் எங்கே கிடைக்கும்? ஆகவே கிடைப்பது குட்டையான, செங்குத்தான ஒரு பலகை. தள்ள ஆள். அதுவும் முன்கூட்டியே சொல்லிவைத்தால்.

ஏன் பெட்டிகள் இத்தனை உயரம்? நியாயமான காரணம் உண்டு. இந்தியா முழுக்க ப்ளாட்பாரங்கள் ஒரே உயரத்தில் இல்லை. முக்கால் மீட்டருக்கு மேலே உண்டு, அரை மீட்டருக்குள்ளும் உண்டு, சில கிராமத்து ஸ்டேஷன்களில் தரையோடு தரையாகவும் உண்டு. சென்னையில் ஏறுகிறவர் அங்கேயும் இறங்கியாக வேண்டும். எனவே உயரமான தரை, வாசலில் படிகள். பெரம்பூரில் நம் ஐசிஎஃப் 1955-இல் தொடங்கியபோது பெட்டியின் வடிவத்தை ஸ்விட்சர்லாந்து கம்பெனி ஒன்றிடமிருந்து வாங்கினார்கள். அதன்பின் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் செய்துவிட்டார்கள். 2019-இல் ஓட ஆரம்பித்த வந்தே பாரத்தும் அங்கே பிறந்ததுதான். உலகத்தின் பெரிய பெட்டித் தொழிற்சாலைகளில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. அதன் வாசலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஸ்டேஷனில் ஒருவர் அந்தப் பெட்டியில் ஏற முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனையோ விதமான பெட்டிகள் வந்துபோயின. வாசற்படி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

இனி ரயில்வே என்னதான் தருகிறது என்று பார்ப்போம். கட்டணச் சலுகை. தாராளமான சலுகை, மறுக்கவில்லை. இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் முக்கால் பங்கு தள்ளுபடி. இரண்டடுக்கு ஏசியிலும் முதல் வகுப்பு ஏசியிலும் பாதி. கூட வருகிறவருக்கும் அதே தள்ளுபடி. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதுகூட இதில் கை வைக்கவில்லை.

ஆனால் அந்தச் சலுகை யாருக்கு என்று விதியில் எழுதியிருக்கிறதே, அதைப் படித்திருக்கிறீர்களா? கைகால் ஊனமுற்றவர் என்று மட்டும் இல்லை. துணையாள் இல்லாமல் பயணம் செய்ய இயலாதவர் என்று ஒரு நிபந்தனை. அரசு மருத்துவர் அதைச் சோதித்துச் சான்றிதழ் தரவேண்டும். அதைக் காட்டி ரயில்வேயிடம் அட்டை வாங்கவேண்டும்.

எனக்குத் தெரிந்து இதுபோல வேடிக்கையான மருத்துவச் சான்றிதழ் வேறெதுவும் இல்லை. ஒருவரால் தனியாகப் பயணம் செய்ய முடியுமா முடியாதா என்பது அவருடைய முதுகெலும்பில் எழுதியிருக்கிற விஷயமா என்ன? அவர் தனியாக வீட்டில் சமைக்கலாம், ஆபீஸ் போகலாம், கையால் ஓட்டும்படி மாற்றிய காரை ஓட்டலாம், விமானத்தில் டெல்லி போய் வரலாம். சென்னை மெட்ரோவில் தனியாக ஆலந்தூரிலிருந்து கோயம்பேடு போகலாம். அதே மனிதர், அதே நாற்காலி, மெட்ரோவை விட்டு இறங்கிப் பறக்கும் ரயிலுக்கு வந்ததும் 'துணையின்றி இயலாதவர்' ஆகிவிடுகிறார். இடையில் அவர் உடம்பில் எதுவும் கெட்டுப்போகவில்லை. டாக்டர் பரிசோதிக்கவேண்டியது பெட்டியின் வாசலை. அதற்கு ஸ்டெதஸ்கோப் வேண்டாம், ஒரு டேப் போதும்.

தள்ளுபடி என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏற முடியாத ரயிலுக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. நாலாவது மாடியில் ஓட்டல் வைத்து, லிஃப்ட் இல்லாமல், 'படியேற முடியாதவர்களுக்குச் சாப்பாடு கால் விலை' என்று போர்டு மாட்டுகிற மாதிரி. இதைச் சொன்னால் சலுகையை எடுத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. எடுக்கக் கூடாது. நம் ஊரில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களில் மிகப் பலருக்கு அந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால் ஊருக்கே போக முடியாது. நான் சொல்வது, சலுகை கொடுப்பது சுலபம் என்பதால் கதவை அகலமாக்காமலே அறுபது எழுபது வருஷம் ஓட்டிவிட்டோம் என்பதைத்தான்.

தூக்குவதைப் பற்றிச் சொல்லவேண்டும். சென்னையில் ஒரு நல்ல விஷயம், கேட்டால் தூக்கிவிடுவார்கள். நாலு காலேஜ் பையன்கள் ஓடி வருவார்கள், போர்ட்டர் வருவார், சில சமயம் போலீஸ்காரரே வருவார். இந்த நல்ல மனசைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் தூக்கப்படுகிறவர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் முன்பின் தெரியாத கைகள். எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று சொல்வதற்குள் பிடித்துவிடுகிறார்கள். நாற்காலியின் கைப்பிடி கழன்றுவரக்கூடியது என்று அவர்களுக்குத் தெரியாது. நடுவில் ஒருவர் 'ஒன், டூ, த்ரீ' என்று கத்துகிறார். மொத்த ப்ளாட்பாரமும் வேடிக்கை பார்க்கிறது. உள்ளே வைத்ததும் நன்றி சொல்லவேண்டும். இறங்கும்போது மறுபடி ஒருமுறை.

பெண்ணாக இருந்தால் இது இன்னும் மோசம். மும்பையைச் சேர்ந்த விராலி மோடி என்ற சக்கர நாற்காலிப் பெண், ரயிலில் ஏற்றிவிடும்போது போர்ட்டர்கள் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதை, அதுவும் ஒருமுறையல்ல மூன்று முறை, வெளிப்படையாகச் சொன்னார். 2017-இல் ரயில்களை மாற்றச் சொல்லி அவர் போட்ட மனுவில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அதன் பலனாக எர்ணாகுளத்தில் ஆரம்பித்துச் சில பெரிய நிலையங்களில் மடக்குச் சாய்தளமும், பெட்டியின் நடைவழிக்குள் போகக்கூடிய ஒல்லியான நாற்காலியும் வாங்கி வைத்தார்கள். வாங்கி வைத்தது முக்கியம். பூட்டி வைக்காமல் இருப்பது அதைவிட முக்கியம்.

அதே 2017 ஜூனில் இன்னொரு சம்பவம். சுவர்ணா ராஜ் சர்வதேசப் போட்டிகளில் மெடல் வாங்கிய டேபிள் டென்னிஸ் வீராங்கனை. சக்கர நாற்காலியில் விளையாடுகிறவர். நாக்பூரிலிருந்து டெல்லிக்கு கரீப் ரத்தில் டிக்கெட் போட்டார். கம்ப்யூட்டர் அவருக்குக் கொடுத்தது மேல் படுக்கை. மாற்றிக் கொடுக்கும்படி கேட்டும் நடக்கவில்லை. ராத்திரி முழுக்க ரயில் தரையில் படுத்து டெல்லி போய்ச் சேர்ந்தார். பத்திரிகையில் வந்ததும் ரயில்வே அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரிக்க இதில் என்ன இருக்கிறது? நடக்க முடியாதவருக்கான டிக்கெட் என்று தெரிந்த மெஷின், ஏணியேறிப் படுக்கச் சொல்லியிருக்கிறது. மனிதர்கள் பக்கத்தில் நின்று அதை ஆமோதித்திருக்கிறார்கள்.

தனிப் பெட்டி இருக்கிறதே என்று ரயில்வேகாரர்கள் சொல்வார்கள். இருக்கிறது. பல எக்ஸ்பிரஸ் ரயில்களின் கோடியில், கார்டு பெட்டியோடும் லக்கேஜோடும் ஒட்டிய ஒரு பகுதி. கதவு அகலம், கழிப்பறை பெரிசு, பிடித்துக்கொள்ளக் கம்பிகள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் தரை உயரம் அதேதான், எனவே ஏறுவதற்குள் அதே கூத்து. கோடியில் இருப்பதால் ப்ளாட்பாரக் கூரை அங்கே வரை வராத ஸ்டேஷன்கள் பல. மழை வந்தால் நனையலாம். ஏசி கிடையாது. அப்பா அம்மாவோ மனைவியோ இரண்டு பேர் கூட வந்தால் ஒருவர் இங்கே, மற்றவர் பதினைந்து பெட்டி தள்ளி. லோக்கல் ரயிலின் தனிப் பெட்டியில், 'அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுவேன்' என்று சொல்லியபடி திடகாத்திரமான சிலர் உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிடித்தால் அபராதம். நாம் அவசரத்தில் ஏறியிருந்தால் நாமும் அந்தச் சிலரில் சேர்த்தி.

இன்னொரு வேடிக்கை. லிஃப்ட் இல்லாத ஸ்டேஷனில் ஒரு ப்ளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சக்கர நாற்காலி எப்படிப் போகிறது? கோடிவரை போய், சாமான் வண்டி தள்ளுகிற பாதையில் இறங்கி, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து. நீங்களோ நானோ இஷ்டத்துக்குத் தண்டவாளத்தைக் கடந்தால் ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவருக்கு அதுதான் வழி.

பெயர் மாற்றுவதில் மட்டும் நமக்கு ஈடு இணை கிடையாது. ஊனமுற்றோர் என்பது மரியாதையாக இல்லையென்று தமிழ்நாட்டில் 2010-இல் மாற்றுத்திறனாளிகள் ஆனார்கள். 2015 கடைசியில் பிரதமர் வானொலியில் பேசி, இந்தியில் திவ்யாங் ஆனார்கள், அதாவது தெய்வீக உடல் கொண்டவர்கள். ரயில்வே பாரங்களிலும் பெட்டிகளிலும் புதுப் பெயர் எழுதியாகிவிட்டது. மரியாதையான சொல்லைக் குறை சொல்லவில்லை. காதில் விழுகிற சொல்லும் முக்கியம்தான். ஆனால் பெயின்ட்டுக்கு ஆகிற செலவு குறைவு என்பதையும் கவனிக்கிறேன். தமிழ் சினிமா தன் பங்குக்குச் சக்கர நாற்காலியை இரண்டே காரியத்துக்கு வைத்திருக்கிறது. வில்லனுக்குத் தண்டனை, அல்லது க்ளைமாக்ஸில் கதாநாயகி கோயில் மணியடித்ததும் எழுந்து நடப்பது. நாற்காலியிலேயே இருந்துகொண்டு சாயங்காலம் சுண்டல் சாப்பிடப் போகிற ஒரு பாத்திரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சட்ட வாசகத்தில் கதவும் உண்டு, கதவுக்குப் பின்னால் சந்தும் உண்டு. 1995 சட்டம் ரயில் பெட்டிகளையும் கழிப்பறைகளையும் சக்கர நாற்காலிக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னது. கூடவே, 'பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்று ஒரு வால். அந்த வால் இருபது வருஷம் ஆடியது. 2016-இல் புதுச் சட்டம். இதில் உரிமை என்ற சொல் தலைப்பிலேயே வந்துவிட்டது. எல்லா வகைப் போக்குவரத்தும் எல்லோருக்கும் எட்டவேண்டும், பழைய வண்டிகளையும் திருத்தவேண்டும் என்றது 41-ஆவது பிரிவு. எங்கே திருத்தவேண்டும்? தொழில்நுட்ப ரீதியில் முடிந்தால், பாதுகாப்பாக இருந்தால், செலவு கட்டுப்படியானால், வடிவமைப்பில் பெரிய மாற்றம் தேவைப்படாமல் இருந்தால். ஒரு வால் போய் நாலு வால் வந்திருக்கிறது.

ராஜீவ் ரத்தூரி என்ற பார்வையற்றவர் 2005-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சாலை, கட்டடம், போக்குவரத்து எல்லாவற்றையும் எங்களுக்கும் எட்டும்படி செய்யுங்கள் என்பது வழக்கு. 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அரசுகளுக்குக் கெடுக்கள் கொடுத்தார்கள். கெடுக்கள் வந்தன, போயின. 2024 நவம்பர் 8-ஆம் தேதி நீதிமன்றம் மறுபடி பார்த்துவிட்டு ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்தது. சட்டம் 'செய்தாக வேண்டும்' என்கிறது. அதன்கீழ் அரசு எழுதிய விதிகள் கைகாட்டும் வழிகாட்டுதல்களோ, படித்துப் பார்த்தால், 'செய்தால் நல்லது' என்கின்றன. அந்த விதியே செல்லாது, கட்டாயமான தரநிலைகளைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் எழுதுங்கள் என்று சொன்னார்கள். வழக்குப் போட்டதிலிருந்து பத்தொன்பது வருஷம். 'வேண்டும்' என்பதற்கும் 'நல்லது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க.

செலவு என்று ஒரு வாதம் வரும். எப்போதும் வரும். 263 மீட்டர் மரப்பாதைக்கு 1 கோடியே 14 லட்சம் என்று மேலே பார்த்தோம், ரயில்வேயின் கணக்கில் அது சில்லறை. மும்பையைப் பாருங்கள். 2014 ஜனவரியில் காட்கோபர் ஸ்டேஷனில் ஒரு பள்ளி மாணவி ஓடும் ரயிலில் ஏறப்போய் ப்ளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் இடையே விழுந்து இரண்டு கைகளையும் இழந்தாள். ஊர் கொதித்தது, உயர் நீதிமன்றம் கேள்வி கேட்டது. அதுவரை 'முடியாது' என்றிருந்த ப்ளாட்பாரங்களை 900 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்திக்கொண்டே போனார்கள். ஜல்லியும் சிமெண்ட்டும்தான். ராக்கெட் இல்லை.

ராக்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. சதுப்பு நிலத்துப் பக்கமாகப் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மத்ஸ்யா 6000 என்ற கலத்தில் மூன்று பேரை உட்காரவைத்துக் கடலுக்கடியில் 6000 மீட்டர் இறக்குவதற்கான வேலை அங்கேதான் நடக்கிறது. எனக்குப் பெருமையாக இருக்கிறது, நிஜமாகவே. அதே ஊரில் வசிப்பவரை அரை மீட்டர் மேலே ஏற்றத்தான் தொழில்நுட்பம் போதவில்லை.

பணக்கார நாடுகளில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றும் நினைக்கவேண்டாம். பிரிட்டனில் 2020 ஜனவரிக்குள் எல்லா ரயில்களும் எல்லோரும் ஏறக்கூடியதாக மாறவேண்டும் என்று கெடு வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் டேனி கிரே-தாம்சன் லீட்ஸிலிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸ் வந்து இறங்கினார். பாராலிம்பிக்ஸில் 11 தங்கம் வாங்கியவர், பிரபுக்கள் சபை உறுப்பினர். சாய்தளம் கொண்டு வர ஆள் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, சாமான்களைத் தள்ளிவிட்டு, தரையில் தவழ்ந்து ப்ளாட்பாரத்துக்கு இறங்கினார். பிரபுக்கள் சபையே தவழவேண்டியிருந்தால் மற்றவர்கள் கதி? ஆனால் ஒரு வித்தியாசம். ரயில் கம்பெனி மன்னிப்புக் கேட்டது, நாடு முழுக்கச் செய்தியானது. தவழ்வது அங்கே செய்தி. நம் ப்ளாட்பாரங்களில் தவழ்கிறவர்களைத் தாண்டித்தான் நாம் தினமும் ரயில் பிடிக்கிறோம். ஜப்பானில் ஸ்டேஷன் ஊழியர் ஒரு மடக்குப் பலகையோடு வந்து ஏற்றிவிட்டு, இறங்குமிடத்துக்கு எந்தப் பெட்டி, எந்தக் கதவு என்று தகவல் சொல்லிவிடுவார். அங்கே இன்னொரு பலகை காத்திருக்கும். இதற்கு வேண்டியது இரண்டு பலகை, ஒரு டெலிபோன்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். 2015 ஜூனில் ஆலந்தூர் - கோயம்பேடு இடையே மெட்ரோ ஓட ஆரம்பித்தது. ப்ளாட்பாரமும் பெட்டியும் ஏறக்குறைய ஒரே மட்டம். உள்ளே நாற்காலியை நிறுத்த இடம், கட்டிக்கொள்ள பெல்ட். குறைகள் உண்டு. எல்லா வாசலிலும் லிஃப்ட் இல்லை, சில சமயம் லிஃப்ட் இருக்கிற வாசல் சாலையின் எதிர்ப்பக்கம், நடுவே சாலையைக் கடப்பது தனி சாகசம். இருந்தும் ஒருவர் யாரையும் கெஞ்சாமல் போய் வர முடிகிறது. அதே சென்னை, அதே வெயில், அதே ஜனங்கள். முதல் நாளே வரைபடத்தில் இருந்ததால் முடிந்தது. ஐந்தாவது தடம் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு வரும்போது பள்ளிக்கரணைக்காரர்களுக்கும் அது கிட்டத்தில் வரும்.

வழக்கமாக இந்த இடத்தில், 'நாளைக்கு உங்களுக்கும் வயசாகும், முட்டி தேயும், அப்போது புரியும்' என்று எழுதுவது மரபு. நான் எழுதப் போவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள். நமக்கு முட்டி தேயும்வரை அவர்கள் ஏன் காத்திருக்கவேண்டும்?

இப்போது கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரலில் பீச் - செங்கல்பட்டு பாதையில் ஏசி மின்சார ரயில் விட்டார்கள், ஐசிஎஃப் தயாரிப்பு. கதவு தானாக மூடுகிறது, பளபளவென்றிருக்கிறது, ப்ளாட்பாரம் மட்டும் பழையது. பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைப்பது பற்றிப் பல வருஷமாகப் பேசி, 2025-இல் ரயில்வே தரப்பில் கொள்கையளவில் ஒப்புதலும் கிடைத்தது. கைமாறினால் ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கவேண்டும், ஒருநாள் புது ரயில்களும் வாங்கவேண்டும். வாங்கும்போது டெண்டரில் 'தரையின் உயரம்' என்ற இடத்தில் ஒரு எண் எழுதியாக வேண்டும், பக்கத்தில் 'ப்ளாட்பாரத்தின் உயரம்' என்று இன்னொரு எண். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடலாம். கூட்டம் எந்த மாடியில் நடக்கும், அங்கே லிஃப்ட் ஓடுகிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.